புது வருஷம், பெரிய சபதம் எதுவும் வேண்டாம்: மனசுக்கு லேசாகத் தெம்பு தருவது எது?

சமாதானபுரம் அக்கா | டிசம்பர் 29, இரவு 9.50

வருஷக் கடைசி வந்தால் நம்ம நெல்லைக் குழுவில் சபத இழை ஒன்று ஓட ஆரம்பித்துவிடும். காலை 5 மணிக்கு எழுவேன், 10 கிலோ குறைப்பேன், அல்வாவைத் தொடவே மாட்டேன். (மூணாவதைச் சொன்னவர் ரதவீதியில் குடியிருக்கிறார். அவரை விட்டுவிடுவோம்.) இந்தத் தடவை வேறு மாதிரி ஒன்று கேட்கிறேன்.

போன வருஷம் முழுக்க எனக்கு ஒரே ஓட்டம். மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரி, பையனுக்குப் பிளஸ் டூ, ஆபீஸில் இரண்டு பேர் வேலையை ஒருத்தி பார்க்கிறேன். புதிதாக எதையும் தொடங்க உடம்பிலும் சரி, மனசிலும் சரி, தெம்பு இல்லை. "எழு, ஓடு, ஜெயி" என்று மேடையில் கத்துகிற வீடியோவை இன்னும் ஒருத்தர் அனுப்பினால் போனைத் தாமிரபரணியில் போட்டுவிடுவேன். ஆனாலும் ஜனவரி பிறக்கும்போது மனசு எதையோ தேடத்தான் செய்கிறது. அதட்டாமல், அவசரப்படுத்தாமல் லேசாகத் தெம்பு தருகிற விஷயம் உங்களுக்கு எது? நம்ம சீமையில் நீங்களே கண்ணால் பார்த்ததாகவோ கையால் செய்ததாகவோ இருக்கட்டும். பொன்மொழி வேண்டாம். தினசரிக் காலண்டர் தாளில் தினம் ஒன்று வருகிறது, அதுவே போதும்.

ஈரடுக்குப் பாலம் | டிசம்பர் 29, இரவு 10.04

1ஆம் தேதி காலை 6 மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஜங்ஷன் பாலத்தில் ஏறுங்கள் அக்கா. வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் அங்கே மூணாவது கியருக்கு மேல் போட முடியும். ராத்திரி முழுக்க கேக் வெட்டிவிட்டு ஊரே தூங்கும். நெல்லையப்பர் கோயில் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், அங்கே நிலைமை நேர் எதிர்.

ரிட்டயர்டு சிஸ்டர் | டிசம்பர் 29, இரவு 10.31

மகளே, நான் பாளையங்கோட்டைக்காரி. எனக்கு 31ஆம் தேதி ராத்திரி ஆராதனைதான். நம்ம பக்கத்துச் சபைகளில் பன்னிரண்டு மணிக்கு மணி அடித்து ஜெபம் முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை தருவார்கள். தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வரிசையில் போய் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு உங்களுக்கு. பிள்ளைகள் எடுத்த கையோடு பக்கத்தில் நிற்பவர் அட்டையை எட்டிப் பார்க்கும். பெரியவர்கள் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு நடைபாதையிலேயே நிற்பார்கள், பின்னால் வரிசை முட்டும்.

சபதம் என்றால் வாக்குக் கொடுக்கிற பாரம் நம்ம தலையில். இங்கே வாக்கு வேறு பக்கத்தில் இருந்து வருகிறது, நான் போய் வாங்கிக்கொண்டு வந்தால் போதும்.

நைட் டியூட்டி பார்த்த காலத்தில் ஆராதனைக்குப் போக முடியாது. வீட்டில் எனக்காக ஒன்று எடுத்து வைத்திருப்பார்கள். காலையில் வந்து, யூனிஃபார்மை மாற்றுவதற்கு முன்னால் அதைத்தான் வாசிப்பேன். பழைய அட்டைகள் எல்லாம் வேதாகமத்துக்குள் இருக்கின்றன. பாதி வருஷங்களில் வசனத்துக்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை, இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஆனாலும் தூக்கிப் போட மனசு வரவில்லை.

கணக்கு வாத்தியார் | டிசம்பர் 30, காலை 6.15

எல்லாரும் சேர்ந்து சபதத்தை இப்படி மிதிக்கிறீர்களே, அதன் பக்கம் பேச ஒரு ஆளாவது வேண்டாமா? ஜான் நார்கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவும் 2002இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். புத்தாண்டுச் சபதம் எடுத்தவர்கள் ஒரு பக்கம், மாற வேண்டும் என்ற எண்ணம் இருந்தும் சபதம் எடுக்காதவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டத்தையும் ஆறு மாதம் தொடர்ந்து விசாரித்தார்கள். ஆறாவது மாதத்தில் சபதம் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் தாக்குப் பிடித்திருந்தார்கள். எடுக்காதவர்களில் 4 சதவீதம் பேர்தான். சபதம் எல்லாம் பொங்கலோடு சரி என்று நாம் அடிக்கிற கேலி பாதிதான் உண்மை.

அப்புறம் சுவீடனில் ஆயிரத்துச் சொச்சம் பேரை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வந்தது. "இதை விட்டுவிடுவேன்" என்று எடுத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும், "இதைச் செய்வேன்" என்று எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்கும் கைகூடியிருக்கிறது. எல்லாம் அவர்களே சொன்னதுதான், யாரும் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்க்கவில்லை. ரதவீதி அண்ணாச்சி அல்வாவை விடுகிறேன் என்பதற்குப் பதில் தினம் ஒரு கொய்யாப்பழம் தின்கிறேன் என்று எடுத்தால் கொஞ்சம் வாய்ப்பு உண்டு.

ரதவீதி அண்ணாச்சி | டிசம்பர் 30, காலை 6.40

கொய்யாவும் தின்கிறேன், அல்வாவும் தின்கிறேன். உமக்கு என்ன வே?

சமாதானபுரம் அக்கா | டிசம்பர் 30, காலை 9.20

சார், கணக்கு சரி. எனக்கு அந்த 46 சதவீதத்தில் சேர ஆசை இல்லை என்பதுதான் விஷயம். இன்னொரு பரீட்சை எழுத இப்போது முடியாது, வீட்டில் ஏற்கெனவே ஒருவன் எழுதுகிறான். சிஸ்டர் சொன்ன அட்டை மனசில் ஒட்டிக்கொண்டது. நான் சபைக்குப் போகிறவள் இல்லை, ஆனாலும் எதிர்வீட்டு அக்கா வருஷா வருஷம் கேக்கைக் கொடுக்கும்போதே தனக்கு என்ன வசனம் வந்தது என்றும் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

கன்னடியன் கால் | டிசம்பர் 30, மதியம் 1.20

சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு மூணு மரக்கால் விதைப்பாடு வயல் இருக்கிறது. ஜனவரி 1 என்றால் தொடக்கம், தொடக்கம் என்கிறீர்கள் எல்லாரும். வயலில் நின்று பார்த்தால் அன்றைக்கு எதுவும் தொடங்குவதில்லை. பிசானப் பருவ நெல்லுக்கு ஐப்பசியில் நாற்றுப் பாவி, கார்த்திகையில் நட்டு, மார்கழிப் பாதியில் பயிர் தூர் கட்டி நிற்கும். முந்தி நட்டவன் வயலில் பொதி கட்டியிருக்கும், அதாவது கதிர் தண்டுக்குள் உருவாகியிருக்கும். அறுவடைக்கு மாசி, பங்குனி ஆகிவிடும். ஜனவரி 1 என்பது எங்கள் பயிருக்கு நட்ட நடுவழி.

அன்றைக்குக் காலையில் என்ன வேலை? ராத்திரி மேல்மடைக்காரன் தண்ணீரைத் திருப்பிவிட்டானா என்று பார்க்கணும். நடுக்குருத்து காய்ந்து நின்றால் இழுத்துப் பார்க்கணும், கையோடு உருவிக்கொண்டு வந்தால் குருத்துப்பூச்சி. வரப்புப் புல்லில் பனி இருக்கும், வேட்டி முழங்கால் வரை நனைந்துவிடும். அப்புறம் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, ஒரே ஒரு பொதியைப் பிரித்துப் பார்ப்பேன். ஒரு கதிர் போச்சே என்று அப்பா திட்டுவார். தண்டின் மேலுறையை நகத்தால் கீறினால் உள்ளே கதிர் வெளுப்பாக, ஈரமாக, ஒட்டிப்போய்க் கிடக்கும். விரல் நீளம்கூட இருக்காது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் உரிய உமி தனித்தனியாகத் தெரியும். இன்னும் பூக்கவில்லை, பால் பிடிக்கவில்லை, ஆனால் இடம் எல்லாம் போட்டு வைத்தாயிற்று.

எனக்குத் தெம்பு அங்கேதான். வருஷம் மாறினது பயிருக்குத் தெரியாது. நீங்களும் மாமியாரைப் பார்த்துக்கொண்டு, பையனைப் படிக்கவைத்து, நடுவழியில்தான் நிற்கிறீர்கள். இப்போது போய்ப் புதிதாக எதற்கு அக்கா நாற்றுப் பாவணும்? நட்டதற்குத் தண்ணீர் பாய்ச்சினால் ஆகாதா?

சித்திரை ஒண்ணு | டிசம்பர் 30, மதியம் 2.05

இந்த இழையின் தலைப்பே தப்பு. ஜனவரி 1 ஆங்கிலப் புத்தாண்டு. நம்ம சீமைக்குச் சித்திரை விசுதான். பாபநாசத்தில் அன்றைக்கு அகத்தியருக்குத் திருமணக் காட்சி கொடுப்பார்கள். வீட்டில் பழம், பூ, நகை, கண்ணாடி எல்லாம் முந்தின ராத்திரியே எடுத்து வைத்து, விடியும்போது கண்ணை மூடிக்கொண்டு போய்க் கனி காண்போம். அதில் வராத தெம்பா இதில் வந்துவிடும்?

தை பிறந்தாச்சு | டிசம்பர் 30, மதியம் 2.11

தை 1 என்று நான் ஆரம்பிக்கட்டுமா?

மட்டுறுத்துநர் | டிசம்பர் 30, மதியம் 2.13

வேண்டாம். 2008இல் தை 1ஐப் புத்தாண்டாக்கிச் சட்டம் வந்ததும் 2011இல் அது மாறியதும் எல்லாருக்கும் தெரியும். அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் மோதுங்கள். கனி காண்பதைப் பற்றி எழுதியது மட்டும் இருக்கட்டும், நன்றாக இருக்கிறது.

ரதவீதி அண்ணாச்சி | டிசம்பர் 30, மாலை 4.30

எங்கள் தாத்தா காலத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் போட்டிருக்கும். கி.பி. 825இல் ஆரம்பித்த கணக்கு. நம்ம பக்கத்தில் அது ஆவணியில் பிறக்கும். ஆக ஜனவரி, தை, சித்திரை, ஆவணி என்று நமக்கு நாலு இருக்கிறது வே. ஒன்றைத் தவறவிட்டவன் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். இதற்குப் போய்ச் சண்டை போடுகிறீர்களே.

மகராஜநகர் மூன்றாவது மாடி | டிசம்பர் 30, இரவு 8.15

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 5ஆம் தேதி இ.எம்.ஐ. கழியும்போது பொதியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பணம் இருக்குமா? தாமிரபரணி, தாமிரபரணி என்று உருகுகிறோம். நகருக்குள் எத்தனை இடத்தில் சாக்கடை அதில் கலக்கிறது என்று கரையோரம் ஒரு நடை நடந்தாலே தெரியும். அழகைப் பேசிக்கொண்டே இருந்தால் எதுவும் மாறாது. சபதம் எடுக்கிறவனாவது ஏதோ செய்ய முயற்சி பண்ணுகிறான்.

சிந்துபூந்துறை | டிசம்பர் 30, இரவு 10.45

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாக்கடை கலப்பது உண்மை, அதற்கு மனுப் போட்டு அலைந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஆற்றங்கரையில் குடியிருக்கிறவன் ஆற்றை அழகுக்காக மட்டும் பார்க்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 இங்கே யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை. ஆறு எங்கள் தெருவுக்குள் வந்து மாடிப்படியில் பாதி ஏறி நின்றது. அடுத்து வந்த ஜனவரி 1 அன்று எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் வாழ்த்துச் சொல்லவில்லை. பையனின் சான்றிதழ்கள் மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். சாயங்காலம் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கால் போன போக்கில் நடந்து குறுக்குத்துறைக்குப் போனேன்.

அந்த முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வருகிறது என்று தெரிந்ததும் உற்சவரையும் உண்டியலையும் சாமான்களையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் பாறையில் செதுக்கியவர், அவரை எங்கே தூக்குவது? அங்கேயே இருப்பார், தண்ணீர் அவர் தலைக்கு மேல் போகும். வடிந்ததும் சேற்றை வாரிக் கழுவி, அபிஷேகம் செய்து, பூஜையைத் தொடர்வார்கள். ஆறு வந்து மோதுகிற மேற்குப் பக்கத்தில் தண்ணீர் பிரிந்து போகட்டும் என்று படகின் முனையாகக் கூர்மையாகக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளமே வராது என்று கட்டினவன் நினைக்கவில்லை. வரும் என்று தெரிந்தேதான் கட்டியிருக்கிறான்.

நான் போனபோது தூண்களில் சேறு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. கம்பிகளில் வாழைச்சருகும் பழந்துணியும் சுற்றிக் கிடந்தன. இரண்டு பேர் ஈர்க்குமாறும் வாளியுமாகப் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேடிக்கை பார்த்து நின்றதைக் கண்டு ஒருவர் நிமிர்ந்து, "சும்மாத்தான நிக்கிய? அந்த வாளிய எடுங்க" என்றார். எடுத்தேன். இருட்டும் வரை ஆற்றில் மொண்டு மொண்டு ஊற்றினேன். யாரும் யார் என்று கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, அதுவரை பார்க்கவே பயந்துகொண்டிருந்த பின்கட்டு அறையைத் திறந்து கழுவ ஆரம்பித்தேன். இ.எம்.ஐ. அன்றைக்கும் இருந்தது தம்பி.

மகராஜநகர் மூன்றாவது மாடி | டிசம்பர் 30, இரவு 11.02

சரி அண்ணாச்சி. நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அந்த வாளி விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

வி.கே.புரம் டீச்சர் | டிசம்பர் 31, காலை 7.00

ஒன்றை விடாமல் செய்வது கஷ்டம் என்று சாரின் கணக்குச் சொல்கிறது. எங்கள் தெருச் சின்னப் பிள்ளைகள் ஒரு மாதம் முழுக்க விடாமல் ஒரு வேலை செய்கிறார்கள், யாரும் அதைச் சபதம் என்று சொன்னதில்லை. மார்கழியில் வாசல் தெளித்துக் கோலம் போட்டதும் சாணி உருண்டையில் பூசணிப்பூ வைக்கிறோம் அல்லவா, பூசணிப்பூ கிடைக்காத அன்றைக்குச் செம்பருத்தி. வெயில் ஏறியதும் அந்த உருண்டையைப் பூவோடு சேர்த்து வரட்டியாகத் தட்டிக் காயவைத்துவிடுவார்கள். தை பிறக்கும்போது ஒரு கூடை சேர்ந்திருக்கும்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் சிறுவீட்டுப் பொங்கல். டவுனில் பலர் மறந்திருப்பீர்கள். முற்றத்தில் சின்னதாக ஒரு வீடு, அதற்கு வாசல் உண்டு, அடுக்களை உண்டு. சின்னப் பானையில் பெண்பிள்ளைகளே பொங்கல் வைப்பார்கள். அப்புறம் அந்தப் பூ வரட்டிகளை ஆற்றுக்குக் கொண்டுபோய், மேலே சூடம் ஏற்றித் தண்ணீரில் விடுவார்கள். யாருடையது தூரம் போகிறது என்று கரையோடு ஓடுவார்கள்.

போன வருஷம் எங்கள் தெருவில் சில வீடுகளில்தான் செய்தார்கள். ஒரு வீட்டில் அம்மா வெளியூரில் வேலை. பாட்டி வீடியோ காலில் சொல்லச் சொல்ல அப்பா வரட்டி தட்டினார். எல்லாம் கோணல்மாணல். ஆற்றில் அவையும் மிதக்கத்தான் செய்தன.

சமாதானபுரம் அக்கா, மார்கழியில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. நாளைக்கு ஒரு பூ வைத்தால்கூடக் கணக்கில் வரும்.

பத்தமடைக்காரன், ஷார்ஜா | டிசம்பர் 31, இரவு 8.40

இங்கே இன்னும் கொஞ்ச நேரத்தில் வாணவேடிக்கை. அறையில் இருக்கிற ஆறு பேரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறோம். இந்த இழையை முதலில் இருந்து இப்போதுதான் வாசித்து முடித்தேன்.

எங்க உம்மா பாய் நெய்கிறவங்க. வெட்டிக் காயவைத்த கோரையை ஆற்றில் ஊறப்போட்டு எடுத்து, கத்தியால் இழை இழையாகக் கிழிப்பாங்க. பட்டுப்பாய்க்கு என்றால் இழை அவ்வளவு மெல்லிசாக இருக்கணும், வாரக்கணக்கில் இழுக்கும். சின்ன வயசில் பக்கத்தில் உட்கார்ந்து எப்ப முடியும், எப்ப முடியும் என்று நச்சரிப்பேன். உம்மா நிமிராமலே, "விளிம்பு வரும்போது முடியும்" என்பாங்க. இங்கே காண்ட்ராக்ட் முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தினம் எண்ணுகிறவனுக்கு அது அப்பப்ப ஞாபகம் வரும்.

கன்னடியன் கால் அண்ணாச்சி, நாளைக் காலையில் வயலுக்குப் போனால் மடையில் தண்ணீர் பாய்கிற சத்தத்தைப் பதிந்து அனுப்ப முடியுமா? வீடியோ வேண்டாம், சத்தம் போதும்.

கன்னடியன் கால் | டிசம்பர் 31, இரவு 9.05

அனுப்புகிறேன் தம்பி. பக்கத்து வயல்காரர் செல்போனில் பக்திப் பாட்டுப் போட்டுக்கொண்டு நிற்பார், அதுவும் சேர்ந்து வரும். பரவாயில்லையா?

பத்தமடைக்காரன், ஷார்ஜா | டிசம்பர் 31, இரவு 9.06

அதுவும் வரட்டும் அண்ணாச்சி.

நாரைக்கிணறு | ஜனவரி 1, காலை 10.30

எல்லாருக்கும் வாழ்த்துகள். கூந்தன்குளத்தை ஒருத்தரும் சொல்லாதது ஆச்சரியமாக இருக்கிறது. இப்போதுதான் அதற்குப் பருவம். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கி, குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரத்திலும் கூடு கட்டும். 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஊர்க்காரர்கள்தான் காவல். தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். கூட்டில் இருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்ப்பார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம், அந்த லாபக் கணக்கும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாடையை மட்டும் நீங்கள் பொறுத்துக்கொள்ளணும்.

வரித்தலை வாத்து என்று ஒன்று அங்கே வரும். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியா, திபெத் பக்கம் இருந்து இமயமலையைத் தாண்டி நாங்குநேரிப் பக்கத்துக் குளத்துக்கு வந்து சேர்கிறது. வந்ததும் கரைப் புல்லை மேய்ந்துகொண்டு சாவகாசமாக நிற்கும். இவ்வளவு தூரம் பறந்தோம் என்ற அலட்டல் துளியும் கிடையாது. மேடையில் கத்துகிற ஆட்களை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் அதன் முன்னால் நிறுத்தணும்.

மகராஜநகர் தம்பிக்கு இன்னொன்று. ஜனவரிக் கடைசி வாக்கில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். 2011இல் இருந்து நடக்கிறது. ஏட்ரீ (ATREE) என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் மணிமுத்தாறு மையத்தார் இங்குள்ள இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து, நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக் குளங்களுக்குத் தன்னார்வலர்களைக் குழு குழுவாக அனுப்புவார்கள். பறவைகளை மட்டும் எண்ணிவிட்டு வருவதில்லை, குளத்தில் குப்பை, ஆக்கிரமிப்பு என்று கண்ணில் படுவதும் அறிக்கையில் ஏறும். உமக்கு இருக்கிற கோபத்துக்கு அது நல்ல இடம்.

மகராஜநகர் மூன்றாவது மாடி | ஜனவரி 1, காலை 10.52

பெயரைப் பதிவது எங்கே என்று தெரிந்ததும் இங்கே போடுங்கள்.

சமாதானபுரம் அக்கா | ஜனவரி 1, மாலை 5.10

டீச்சர், இன்றைக்கு வாசலில் செம்பருத்தி வைத்தேன். சாணி கிடைக்கவில்லை, கோதுமை மாவை உருட்டி வைத்தேன். பத்து நிமிஷத்தில் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது, பூவை மட்டும் விட்டுவிட்டது. மாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அடுத்த தெருப் பால்காரர் வீட்டில் கேட்டால் சாணி தருவாரே என்றார். எலும்பு முறிந்ததற்குப் பிறகு அவர் வீட்டு விஷயத்தில் யோசனை சொல்வது இதுதான் முதல் தடவை.

கன்னடியன் கால் தம்பி எழுதியதைப் பையனுக்கும் வாசித்துக் காட்டினேன். "அப்போ நான் பொதியா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டான்.

வருகிற ஞாயிறு கூந்தன்குளம் போகலாம் என்று இருக்கிறேன். மாமியாரை அரை நாள் நாத்தனார் பார்த்துக்கொள்வாள். யார் யார் வருகிறீர்கள்? பஸ்ஸா, வேனா?

கணக்கு வாத்தியார் | ஜனவரி 1, மாலை 5.25

நான் வருகிறேன். பைனாகுலர் ஒன்று இருக்கிறது, ஒரு கண் மட்டும் தெளிவாகத் தெரியும்.

ரிட்டயர்டு சிஸ்டர் | ஜனவரி 1, மாலை 5.40

ஞாயிறு காலை எனக்கு ஆராதனை இருக்கிறது மகளே. சனிக்கிழமையாக இருந்தால் நானும் வருவேன்.

நாரைக்கிணறு | ஜனவரி 1, மாலை 6.00

அப்படியானால் சனிக்கிழமையே வைத்துக்கொள்வோம், கூட்டமும் குறைவாக இருக்கும். எட்டுப் பேர் சேர்ந்தால் வேன் நல்லது. பாளை பஸ் ஸ்டாண்டில் இருந்து காலை 5.30க்குக் கிளம்பி மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் வெயில் ஏறுவதற்குள் சேர்ந்துவிடலாம். பளிச்சென்ற சட்டை வேண்டாம். வண்டியில் பாட்டுப் போடுகிறவர்கள் ஊர் எல்லையில் நிறுத்திவிடணும். தொப்பி அவசியம், வெயிலுக்காக மட்டும் இல்லை, மேலே கூடுகள் இருக்கின்றன.

மகராஜநகர் மூன்றாவது மாடி | ஜனவரி 1, மாலை 6.08

டீசல் பங்கு ஆளுக்கு எவ்வளவு என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.